செற்றில் பிழை இல்லை, வயரைப் பாருங்கள்: பைபர் படகில் வீ.எச்.எவ் பூட்டுதல்

படகுக்குப் படகும் கரையோடும் கதைக்கிற வீ.எச்.எவ் வானொலிச் செற், ஒரே கம்பனியின் ஒரே மாதிரியான 25 வாற் செற், இரண்டு படகுகளில் இருக்கும். ஒன்று பத்துக் கிலோமீற்றர் தள்ளி நின்றும் பக்கத்தில் நிற்பதுபோலக் கதைக்கும். மற்றது கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே கரகரவென்று இரையும். எல்லோரும் முதலில் செற்றைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். மாற்றினாலும் அதே இரைச்சல்தான் வரும். பிழை பெரும்பாலும் பற்றரி வயரிலோ அன்ரெனாக் கேபிளிலோ இருக்கும். இல்லையென்றால் கேபிள் முனையில் உள்ள கொனெக்ரரிலோ, அன்ரெனா நிற்கிற உயரத்திலோ இருக்கும். செற் வாங்க ஒதுக்குகிற காசில் கால்வாசியையாவது இவற்றுக்கு ஒதுக்காதவர் செற்றே வாங்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

கொக்கிளாய், நாயாறு, அளம்பில் தொடக்கம் சாலை, சுண்டிக்குளம் வரையும், மேற்கே நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைதீவுப் பக்கமும் ஓடுகிற 18 தொடக்கம் 23 அடிப் பைபர் படகுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அவற்றுக்கு அறையும் இல்லை, கூரையும் இல்லை. கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணுகிற எஞ்சின்தான். பலநாள் கலங்களின் கணக்கு வேறு.

முதலில் கடதாசி வேலை. இலங்கையில் வானொலிக் கருவி வைத்திருக்கவும் பாவிக்கவும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். உரிமத்தின் பிரதி ஒன்றை லமினேற் பண்ணிச் செற் இருக்கிற பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கடலில் மறித்துக் கேட்டால் வீட்டு அலுமாரியில் இருக்கிற கடதாசி உதவாது. எல்லா அலைவரிசையிலும் கதைக்கும் என்று விற்கிற மலிவான கைச்செற்களை இதற்கென்று வாங்க வேண்டாம். அவை கடலுக்குச் செய்தவை அல்ல. ஒரு தெறிப்பிலேயே உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். தெரியாமல் வேறு யாருடையவோ அலைவரிசையில் கதைத்துவிட்டால் வருகிற வில்லங்கமும் உங்களுக்குத்தான்.

உயரம்

கடல் வீ.எச்.எவ் 156 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில் ஓடுகிறது. ஆபத்து அழைப்புக்கென்று உள்ள 16ஆம் சனல் 156.800 மெகாஹேர்ட்ஸ். இந்த அலை பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் வளையாது. அன்ரெனாவுக்கு மற்ற அன்ரெனா ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கணக்கு சுகமானது. தண்ணீர் மட்டத்திலிருந்து அன்ரெனா எத்தனை மீற்றர் உயரமோ அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அந்த அன்ரெனாவின் தொடுவானம் கிலோமீற்றரில் வரும். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் கதைக்கக்கூடிய தூரம்.

படகில் அன்ரெனா 4 மீற்றர் உயரத்தில் நின்றால் 8.2 கிலோமீற்றர். மற்றப் படகும் அப்படியே என்றால் 16 கிலோமீற்றர் சொச்சம். கரையில் சங்கக் கட்டடத்துக்குப் பக்கத்தில் 16 மீற்றர் உயரக் குழாயில் ஒரு அன்ரெனா நின்றால் அதற்கு 16.4, படகோடு சேர்த்து 24 கிலோமீற்றருக்கு மேல். பலகையில் குந்தியிருந்து கைச்செற்றில் கதைக்கிற இரண்டு பேருக்கு, அன்ரெனா ஒரு மீற்றர் உயரம் என்று வைத்தால், எட்டுக் கிலோமீற்றர்தான். கடல் எழும்பினால் அதுவும் குறையும். படகு பள்ளத்தில் இறங்குகிற ஒவ்வொரு தரமும் பேச்சு அறுந்து அறுந்து வரும். 5 வாற்றை 25 வாற் ஆக்கினால் குரல் தெளியும், தொடுவானம் நகராது. இன்னும் ஒரு மீற்றர் குழாய் போடுவது பெரிய செற் வாங்குவதைவிட மலிவு.

கரையில் அந்த 16 மீற்றர்க் குழாய் ஒன்று நின்றால் அந்தக் கரையிலிருந்து போகிற எல்லாப் படகுக்கும் பிரயோசனம். தனித்தனியாக எத்தனை செற் வாங்கினாலும் இது இல்லாவிட்டால் பாதி வேலைதான்.

எந்த அன்ரெனா

வாகனத்துக்கு விற்கிற, காந்தத்தில் ஒட்டுகிற குட்டைக் கம்பி அன்ரெனா பைபர் படகுக்குச் சரிவராது. 156.8 மெகாஹேர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 1.91 மீற்றர். அந்தக் கம்பி அதில் காற்பங்கு, ஏறக்குறைய 48 சென்ரிமீற்றர். மற்றப் பாதியை வாகனத்தின் இரும்புக் கூரைதான் கொடுக்கிறது. பைபரில் இரும்பு இல்லை. மற்றப் பாதி கிடைக்காததால் கேபிளின் வெளிப்பின்னலே அன்ரெனாவாக வேலைசெய்யப் பார்க்கும். சக்தி கேபிள் வழியே திரும்பி மைக் வரைக்கும் வரும். பைபருக்கு வேண்டியது அரை அலைக் கடல் அன்ரெனா. அடியில் உலோகத்தளம் கேட்காதது, ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம், பெட்டியில் 3 டெசிபெல் என்று போட்டிருக்கும்.

6 டெசிபெல், 9 டெசிபெல் என்று நீளமான அன்ரெனாக்களும் உண்டு. இலக்கம் கூடினால் நல்லது என்று நினைத்து அவற்றை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவை சக்தியைக் கூட்டுவதில்லை, தட்டையாக அமத்தித் தொடுவானத்தை நோக்கி மட்டும் அனுப்புகின்றன. சாயாத பெரிய கப்பலுக்கு அது சரி. சோளகக் கடலில் இருபது முப்பது பாகை ஆடுகிற சின்னப் படகில் அந்தத் தட்டை ஒரு தரம் வானத்தையும் மறுதரம் தண்ணீரையும் பார்க்கும். எங்கள் படகுகளுக்கு 3 டெசிபெல் போதும். கரைக் குழாயில் 6 டெசிபெல் போடுங்கள். அங்கே ஆட்டம் இல்லை.

அன்ரெனாவை எங்கே நிறுத்துவது என்பதை வலைதான் தீர்மானிக்கும். வலை வாங்குகிற பக்கத்திலோ, எஞ்சின் கயிறு இழுக்கிற கை போய்வருகிற இடத்திலோ வைத்தால் ஒரு மாதத்தில் முறியும். அணியத்து மேல்தட்டுக்குப் பின்னால், வலை வாங்காத பக்கத்து விளிம்போடு சேர்த்து நிறுத்துவதே பெரும்பாலான படகுக்குப் பொருந்தும். ஒன்றேகால் அங்குல ஸ்ரெயின்லெஸ் குழாய் நல்லது. கல்வனைஸ் குழாய் முதலில் ஓட்டை போட்ட இடத்தில்தான் துருப்பிடிக்கும். காசு இல்லாவிட்டால் நேரான சவுக்குத் தடி ஒன்றுக்குத் தார் பூசிப் பாவிக்கலாம். சிரிக்க வேண்டாம், மின்னைப் பொறுத்தவரை மரம் இரும்பைவிட நல்லது. எதில் கட்டினாலும் அன்ரெனாவின் வெள்ளைக் குச்சி முழுவதும் குழாயின் நுனிக்கு மேலே நிற்க வேண்டும். இரும்புக் குழாயோடு ஒட்டி நெடுக்காகக் கட்டினால் அந்தப் பக்கத்துக்கு அலை போகாது. ஒரு திசையில் கேட்கிறது, படகைத் திருப்பினால் கேட்கவில்லை என்கிற முறைப்பாட்டின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எங்கள் கரையில் இறங்குதுறை இல்லாத இடங்களே கூட. படகை உழவு இயந்திரத்தால் இழுத்தாலும் ஆட்கள் சேர்ந்து தள்ளினாலும் கரையடி அலையில் அது ஒரு உலுப்பு உலுப்பும். ஆகவே அடியில் மடக்குப் பூட்டு வையுங்கள், கரைக்கு வரும்போது படுக்க வைக்கலாம். பூட்டைப் பைபரில் வெறும் திருகாணியால் இறுக்கினால் கழன்றுவரும். ஊடுருவிப் போகிற போல்ற் நான்கு போட்டு, உள்பக்கத்தில் ஒரு பலகைத் துண்டோ அலுமினியத் தகடோ வைத்து இறுக்குங்கள். படுக்க வைத்த நிலையில் கதைக்க வேண்டி வந்தால் ஆட்கள் ஒரு மீற்றராவது விலகி இருக்க வேண்டும், சக்தியை 1 வாற்றுக்குக் குறைக்க வேண்டும்.

கேபிளும் கொனெக்ரரும்

கேபிள் 50 ஓம் ஆக இருக்க வேண்டும். ரீவீக்குப் பூட்டுகிற வெள்ளைக் கேபிள் 75 ஓம். அது கையில் இருக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள். ஆர்.ஜீ-58 என்கிற மெல்லிய கேபிள் இந்த அலைவரிசையில் 15 மீற்றருக்கு ஏறக்குறைய 3 டெசிபெல் விழுங்கும். 3 டெசிபெல் என்றால் பாதி. செற் 25 வாற் கொடுத்தால் அன்ரெனாவுக்கு 12 வாற் சொச்சம்தான் போய்ச்சேரும். படகுக்குள் ஐந்து ஆறு மீற்றர்தான் என்றால் ஆர்.ஜீ-58 போதும். கரைக் குழாய்க்கு இருபது மீற்றருக்கு மேல் போகும், அங்கே தடித்த ஆர்.ஜீ-213 போடுங்கள். அரை மீற்றர் மிச்சம் விட்டு, அதற்கு மேல் கூடுதலாக வருகிற கேபிளைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிடுங்கள்.

கொனெக்ரர்தான் எல்லா வில்லங்கத்துக்கும் தாய். செற்றின் பின்பக்கம் உள்ளது எஸ்.ஓ-239. அதற்குப் போடுவது பீ.எல்-259. ஆர்.ஜீ-58 மெல்லியது என்பதால் அதற்கென்று ஒரு சின்ன இடைத்துண்டும் சேர்த்து வாங்க வேண்டும். ஈயம் வைக்க முன் வெளிவளையத்தையும் இடைத்துண்டையும் கேபிளில் கோர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகு வளையம் மேசையில் கிடப்பதைக் காணாத தொழிலாளி இல்லை.

வெளி உறையை 19 மில்லிமீற்றர் உரியுங்கள். பிளேட் பின்னல் இழைகளை வெட்டக்கூடாது. பின்னலை விரித்து இடைத்துண்டின் மேல் பின்னோக்கி மடித்து, 10 மில்லிமீற்றர் விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். நடுக்கம்பியை மூடியிருக்கிற வெள்ளைப் பிளாஸ்ரிக்கை அகற்றி 16 மில்லிமீற்றர் கம்பியை வெளியே விட்டு, அதில் மெல்லியதாக ஈயம் பூசுங்கள். கொனெக்ரரை இடைத்துண்டின் மேல் திருகி இறுக்கினால் பக்கத்து ஓட்டைகளுக்குள் பின்னல் தெரியும். அந்த ஓட்டைகளில் ஈயம் வைத்து, பிறகு நுனி ஊசியிலும் வையுங்கள். 25 வாற் சோல்டறிங் அயன் இந்த வேலைக்குக் காணாது. கொனெக்ரரின் உடம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் உருண்டையாக நிற்கும், ஒட்டாது. அதை ஒட்டவைக்க நீண்ட நேரம் வைத்தால் உள்ளே வெள்ளைப் பிளாஸ்ரிக் உருகி நடுக்கம்பி பின்னலில் முட்டும். 80 அல்லது 100 வாற் அயனால் கெதியாகத் தொட்டு எடுப்பதே பாதுகாப்பு.

ஆறிய பிறகு மல்ரிமீற்றரால் பாருங்கள். அன்ரெனா பூட்டாத நிலையில் நடு ஊசிக்கும் உடம்புக்கும் இடையில் தொடர்பு இருக்கக்கூடாது, ஒரு முனை ஊசிக்கும் மறுமுனை ஊசிக்கும் இடையில் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். கேபிளை வளைத்து ஆட்டி ஆட்டிப் பாருங்கள், இலக்கம் துள்ளக்கூடாது. அன்ரெனாவைப் பூட்டிவிட்டு அளந்தால் பல கடல் அன்ரெனாக்கள் ஊசியையும் உடம்பையும் ஷோட் என்றே காட்டும். உள்ளே இருக்கிற சுருள் காரணம், அது பிழை அல்ல. இதை அறியாமல் நல்ல அன்ரெனாவை எறிந்தவர்கள் உண்டு.

தண்ணீர் உள்ளே போகிற வழி மேல் கொனெக்ரர். போனால் பின்னல் திரிபோல உறிஞ்சி மீற்றர் கணக்கில் கீழே இறக்கும். உறையை உரித்துப் பார்த்தால் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ களிம்பு ஏறியிருக்கும். அப்படியான கேபிளில் புதுக் கொனெக்ரர் போடுவது வீண். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டுங்கள், வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள். தடுக்கிற வழி, தன்னோடு தானே ஒட்டுகிற கறுப்பு ரப்பர் ரேப். அதை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, கேபிளில் தொடங்கிக் கொனெக்ரரை நோக்கிக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். கூரை ஓடுபோல மேற்சுற்று கீழ்ச்சுற்றை மூடும், தண்ணீர் வழிந்து போகும். அதன் மேல் சாதாரண இன்சுலேசன் ரேப் ஒரு சுற்று, வெய்யில் ரப்பரைத் தின்னாமல் இருக்க. வினாகிரி மணக்கிற சிலிக்கன் பூச வேண்டாம், அதிலிருந்து வெளியேறுகிற அமிலம் செம்பை அரிக்கும். செற்றுக்குள் நுழைய முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு வளைத்து மேலே ஏற்றுங்கள். துளி அந்த வளைவில் சொட்டிப் போகும்.

பற்றரி

25 வாற் செற் கதைக்கும்போது 5 தொடக்கம் 6 அம்பியர் இழுக்கும், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் அரை அம்பியருக்குள். பன்னிரண்டு மணித்தியாலம் கேட்டு, மொத்தம் பத்து நிமிடம் கதைத்தால் ஏழு அம்பியர்-மணிக்குள் அடங்கும். ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே செற்றுக்கு மட்டுமே 14 அம்பியர்-மணி வேண்டும். வலை விளக்கும் ஜீ.பீ.எஸ்ஸும் போன் சார்ச்சும் சேர்ந்தால் 30க்குக் குறையாதது எடுங்கள். மோட்டார் சைக்கிள் பற்றரி காணாது. முதல் மணித்தியாலத்தில் வேலைசெய்யும், விடியற்காலையில், தேவைப்படுகிற நேரத்தில், நிற்கும்.

பெரும்பாலான செற்கள் 13.8 வோல்ற்றுக்குச் செய்தவை, 15 வீதம் கூடிக்குறையலாம். அதாவது 11.7 வோல்ற்றுக்குக் கீழே போனால் கம்பனி பொறுப்பில்லை. பாதி இறங்கிய பற்றரி 12.2 வோல்ற் காட்டும். மிச்சம் இருப்பது அரை வோல்ற்தான், அதை வயர் தின்னக்கூடாது. பற்றரி எஞ்சின் பக்கமும் செற் அணியத்துப் பக்கமும் இருந்து, இடையில் நான்கு மீற்றர் என்றால் போய்வர எட்டு மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செம்பு வயரில் 6 அம்பியருக்கு 0.35 வோல்ற் அளவு விழும். 1 சதுர மில்லிமீற்றரில் 0.9 வோல்ற் விழும். ஸ்பீக்கர் வயரில் எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம். கேட்கும்போது செற் நன்றாக வேலைசெய்யும், மைக்கை அமத்தினால் திரை மங்கி அணைந்து திரும்ப எழும்பும். செற் பழுது என்று சொல்ல வைப்பது இந்த வயர்தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதை எடுங்கள்.

பியூஸ் பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். 25 வாற் செற்றுக்குப் பெரும்பாலும் 10 அம்பியர். செற்றோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். செற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் இடையில் வயர் உராய்ந்து ஷோட் ஆகும்போது பியூஸ் போகாது, வயர்தான் எரியும். கீழே மண்ணெண்ணெயும் பெற்றோலும் கிடக்கிற படகில் இதை விளையாட்டாக எடுக்க முடியாது. பற்றரியை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, வாயு வெளியேற மேலே இரண்டு ஓட்டை விட்டு, பட்டியால் கட்டுங்கள். முனைகளை இறுக்கிய பிறகு வாசலின் பூசுங்கள்.

செற் நீர் புகாதது என்று போட்டிருந்தாலும் திறந்த படகில் நேரடித் தெறிப்பில் வைக்காதீர்கள். அப்படிப் போட்டிருக்கிற தரங்கள் நல்ல தண்ணீரில் சோதித்தவை. உப்பு, முதலில் பின்பக்க வயர் முனைகளைத்தான் பிடிக்கும். அணியத்து மேல்தட்டுக்குக் கீழே, திறப்பு எஞ்சின் பக்கம் பார்க்க, ஒரு பெட்டி போதும். முழுக்க மூட வேண்டாம், செற்றின் முதுகு சூடாகும். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருப்பதால் திசைகாட்டியை ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள். மைக் கீழே விழுந்து பெட்டிக்கும் பலகைக்கும் இடையில் நெரிந்தால் பொத்தான் அமந்தபடியே இருக்கும். உங்களுக்கு ஒன்றும் கேட்காது, சுற்றியுள்ள யாருக்கும் அந்தச் சனலில் கதைக்க முடியாது. கொளுவி இல்லாமல் மைக்கைத் தொங்கவிடாதீர்கள்.

சோதித்தல்

அன்ரெனா பூட்டாமல் மைக்கை அமத்தக்கூடாது. போன சக்தி முழுவதும் திரும்பி வந்து செற்றின் கடைசிக் கட்டத்தைச் சுடும்.

முதலில் வோல்ற். மல்ரிமீற்றரைச் செற்றின் வயர் முனையில் வைத்து, 25 வாற்றில் ஐந்து விநாடி அமத்துங்கள். 11.7க்குக் கீழே இறங்கினால் மற்றச் சோதனைகளுக்குப் போகாதீர்கள். அதே நேரம் பற்றரி முனையிலும் அளந்தால் குற்றவாளி தெரியும். அங்கேயும் இறங்கினால் பற்றரி. அங்கே நின்று இங்கே இறங்கினால் வயர், பியூஸ் கூடு, முனை இவற்றில் ஒன்று.

அடுத்தது எஸ்.டபிள்யூ.ஆர் மீற்றர், அனுப்பிய சக்தியில் எவ்வளவு அன்ரெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று காட்டுவது. 27 மெகாஹேர்ட்ஸுக்கு விற்கிறது உதவாது, 150 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் அளக்கிறது வேண்டும். ஒவ்வொருவரும் வாங்கத் தேவையில்லை, ஒரு கரைக்கு ஒன்று போதும். செற்றுக்கும் கேபிளுக்கும் இடையில் பூட்டி, 6, 72, 77 போன்ற படகுக்குப் படகு கதைக்கிற சனல் ஒன்றில், யாரும் கதைக்கவில்லை என்று கேட்டுவிட்டு, 1 வாற்றில் தொடங்குங்கள். 16இல் சோதிக்க வேண்டாம். 1.5க்குள் வந்தால் நல்லது, திரும்பி வருவது 4 வீதம்தான். 2 என்றால் 11 வீதம், பாவிக்கலாம். 3 என்றால் 25 வீதம், கதைக்காமல் காரணத்தைத் தேடுங்கள்.

இந்த மீற்றர் ஏமாற்றவும் செய்யும். கேபிள் எவ்வளவு விழுங்குகிறதோ அவ்வளவுக்கு மீற்றர் நல்ல இலக்கம் காட்டும். திரும்பி வருகிற சக்தியையும் கேபிள் வழியில் விழுங்கிவிடுகிறதல்லவா. 3 டெசிபெல் விழுங்குகிற கேபிளின் முனையில் அன்ரெனாவே இல்லாவிட்டாலும் கீழே 3 என்றுதான் காட்டும். மேலே 3 ஆக இருக்கிற கெட்ட அன்ரெனா கீழே 1.7 ஆகத் தெரியும். தண்ணீர் குடித்த கேபிள் இதைவிட மோசம், 1.2 காட்டிச் சிரிக்கும். அதனால் மீற்றரை அன்ரெனாவின் அடியிலும் ஒரு தரம் பூட்டுங்கள். கீழே 25 வாற் போய் மேலே 20 அளவு வந்தால் சரி. பத்து வந்தால் கேபிள் போய்விட்டது.

பிறகு இரைச்சல். எஞ்சினையும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, பேச்சு இல்லாத நேரத்து இரைச்சலை அடைக்கிற ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் நிற்கிற இடம் வரை மட்டும் திருப்புங்கள், அதற்கு மேல் திருப்பினால் தூரத்துக் குரலும் சேர்ந்து அடைபடும். இப்போது ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்.ஈ.டி விளக்கு, போன் சார்ஜர், சோலார் கொன்ரோலர், கடைசியாக எஞ்சின். எதைப் போட்டதும் இரைச்சல் திறக்கிறதோ அதுதான் உங்கள் தூரத்தைத் தின்கிறது. மலிவான 12 வோல்ற் போன் சார்ஜர்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியது. எஞ்சின் என்றால் இலக்கத்தில் ஆர் எழுத்து உள்ள, உள்ளே தடை வைத்த பிளக்கைப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் புத்தகம் அனுமதிக்கிற வகையாக இருக்க வேண்டும்.

தூரச் சோதனைக்கு இரண்டு படகு, இரண்டிலும் ஜீ.பீ.எஸ். ஒரு கிலோமீற்றரில் 1 வாற்றில் தொடங்கி, இரண்டிரண்டு கிலோமீற்றராக விலகி, ஒவ்வொரு இடத்திலும் 1 வாற், 25 வாற் இரண்டையும் பாருங்கள். "கேட்குது" என்கிற பதில் போதாது. தெளிவா, இரைச்சலோடா, சொல் விடுபடுகிறதா என்று சொல்ல வேண்டும். படகை ஒரு முழுவட்டம் சுற்றிக்கொண்டு எண்ணிக்கை சொல்லுங்கள். ஒரு திசையில் மங்கினால் குழாய் மறைக்கிறது. காற்று விழுந்த வெக்கையான இரவில் இந்தியக் கரைப் படகுகளின் பேச்சு வாசலில் நின்று கதைப்பதுபோலக் கேட்கும். கடலுக்கு மேல் வெப்பக் காற்றும் குளிர்க் காற்றும் அடுக்காக நின்று அலையைக் குழாய்போலக் கொண்டுபோகிற வித்தை அது. அதை வைத்து உங்கள் அன்ரெனாவுக்குப் புள்ளி போடாதீர்கள். சோதனையைப் பகலில், காற்றுள்ள நாளில் செய்யுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு படகுக்கு ஒருவரை ஒருவர் கேட்காவிட்டால் சனலைப் பாருங்கள். சில சனல்களில் அனுப்புவது ஒரு அலைவரிசை, கேட்பது வேறு. 24ஆம் சனலில் படகு 157.200இல் அனுப்பி 161.800இல் கேட்கும். அது கரை நிலையத்தோடு கதைக்க. இரண்டு படகும் 24இல் நின்றால் நாள் முழுக்கக் கூப்பிட்டாலும் கேட்காது. வெளிநாட்டிலிருந்து வந்த செற் அமெரிக்கச் சனல் முறையில் நிற்கிறதா என்றும் பார்த்து, சர்வதேசச் சனல் முறைக்கு மாற்றுங்கள்.

சிவப்புப் பொத்தானை அமத்தினால் தானாகவே ஆபத்துச் செய்தி அனுப்புகிற டீ.எஸ்.சீ செற் என்றால், படகை அடையாளம் காட்டுகிற ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ எண் பதிய வேண்டும். இலங்கைப் படகுக்கு அது 417இல் தொடங்கும். பல செற்களில் ஓரிரு தரத்துக்கு மேல் பதிய விடாது, ஆகவே கடதாசியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பதியுங்கள். உள்ளே ஜீ.பீ.எஸ் இல்லாத செற்றுக்கு வெளி ஜீ.பீ.எஸ்ஸின் அனுப்பும் வயரைச் செற்றின் வாங்கும் வயரில் இணைக்க வேண்டும். அனுப்புவதை அனுப்புவதோடு இணைத்துவிட்டுத் திரையில் இடம் வரவில்லை என்று தேடுவது வழமை. இடம் வராத செற்றின் சிவப்புப் பொத்தான் ஆபத்து என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது. சோதிக்க அந்தப் பொத்தானை அமத்தாதீர்கள், மெனுவில் சோதனை அழைப்பு இருக்கிறது. பக்கத்துப் படகுகளில் டீ.எஸ்.சீ இல்லாவிட்டால் அவர்களுக்கு உங்கள் குரல்தான் கேட்கும். ஆகவே செற்றுக்கு மேலே ஒரு மட்டையில் எழுதி ஒட்டுங்கள்: சனல் 16, 25 வாற், மேடே (உயிராபத்து என்கிற அழைப்புச் சொல்) மூன்று தரம், படகின் பெயர் மூன்று தரம், ஜீ.பீ.எஸ் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், ஓவர். பயத்தில் எல்லோரும் மறப்பது இடத்தைத்தான்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி குமுறத் தொடங்கினால் அன்ரெனாவைப் படுக்க வைத்து, கேபிளைச் செற்றிலிருந்து கழற்றிவிடுங்கள். வாடைக்குப் படகு கரையேறினால் செற்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கேபிள் முனைக்குப் பொலித்தீன் கட்டி ரப்பர் போடுங்கள், பற்றரிக்கு மாதம் ஒரு தரம் சார்ச் ஏற்றுங்கள். திரும்ப இறக்கும்போது மேல் கொனெக்ரரின் ரேப்பை வெட்டி உள்ளே பாருங்கள். பச்சை இருந்தால் ஒரு சாண் வெட்டிப் புதிது போடுங்கள். அந்த ஒரு சாணுக்காகத்தான் முதல்நாளே கேபிளை அரை மீற்றர் கூட விட்டு வெட்ட வேண்டும்.